என் இரண்டு ஓவியங்களைக் கழற்றிய கண்காட்சிக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

உங்கள் ஆண்டுக் கண்காட்சிக்காக நான் அனுப்பிய ஓவியங்களை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். பிரேம் போட்டு, சுவரில் மாட்டி, விளக்கு வெளிச்சமெல்லாம் சரிபார்த்த பிறகு, திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மாலை அவற்றில் இரண்டை மட்டும் கழற்றிவிட்டீர்கள். என்னைப் பற்றிய குறிப்பில் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று இருந்த வரியையும் நீக்கி, வேறு அட்டை அச்சடித்து ஒட்டியிருந்தீர்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தொலைபேசியில் காரணம் கேட்டபோது, “குடும்பத்தோட வருவாங்க, சின்னப் பிள்ளைங்க வருவாங்க, நீங்களே புரிஞ்சுக்கணும்” என்று பதில் வந்தது. எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கழற்றப்பட்ட ஓவியங்களைப் பார்க்காதவர்கள் எதை எதையோ நினைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அவற்றில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று அக்ரிலிக். ஒரு சின்னச் சமையலறை. நாற்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார். இன்னொருவர் கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்து ஏதோ படித்துக் காட்டுகிறார். அவருடைய பாதம் இவருடைய முழங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்றது காகிதத்தில் சார்கோல். கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடியில் பாய் விரித்து இரண்டு பேர் தூங்குகிறார்கள். ஒருவர் கை மற்றவர் நெஞ்சின் மேல் கிடக்கிறது. இருவரும் லுங்கியும் பனியனும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதே கூடத்தில், என் சுவருக்கு எதிர்ச் சுவரில், ஆற்றில் குளிக்கும் பெண்களின் ஓவிய வரிசை இருக்கிறது. ஈரச் சேலை உடம்போடு ஒட்டிய பெண்கள். அவற்றை எடுக்கவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வரைந்தவர் தேர்ந்த கலைஞர். அவர் தண்ணீரின் மேல் வெயிலைக் கொண்டுவந்திருக்கும் விதத்தை வெகு நேரம் நின்று பார்த்தேன். பிள்ளைகளும் அந்த ஓவியங்களின் முன்னால் நிற்கிறார்கள், பெற்றோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உடல் தெரிவது உங்களுக்குச் சிக்கலாக இல்லை. முழு உடையில் தூங்கும் ஆணின் மேல் இன்னொரு ஆணின் கை இருப்பதுதான் சிக்கலாக இருக்கிறது. இதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நானும் நேரடியாகப் பதில் சொல்லியிருப்பேன்.

குறிப்பு அட்டைக்கு வருகிறேன். “ஓவியம் பேசட்டும், ஓவியரோட சொந்த விஷயம் எதுக்கு?” என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, எல்லோரிடமும் கேட்டிருந்தால். அதே கண்காட்சியில் உள்ள மற்ற அட்டைகளை நடந்து நடந்து படித்தேன். ‘மனைவி, இரு மகள்களுடன் வசிக்கிறார்’ என்று ஒன்றில் இருக்கிறது. ‘இந்த வரிசையை மறைந்த கணவருக்குச் சமர்ப்பிக்கிறார்’ என்று இன்னொன்றில் இருக்கிறது. அந்த வரிகள் அந்த ஓவியங்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவின. கணவரை இழந்தவர் வரைந்த காலி நாற்காலிகளை அந்த வரி இல்லாமல் நான் வேறு மாதிரி பார்த்திருப்பேன். என் வரியும் அதே வேலையைத்தான் செய்தது. சமையலறையில் இருக்கும் இருவர் யார், இதை வரைந்தவனுக்கு அவர்கள் யார் என்பதை அது சொன்னது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கும் வேலை தன்னுடையது இல்லை, அதை நாடாளுமன்றம்தான் செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நானும் என் இணையரும் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் எங்களைத் திருமணமானவர்கள் என்று சொல்லும் காகிதம் எதுவும் அரசிடம் கிடையாது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ‘நண்பர்கள்’ என்று இருக்கிறோம். எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று நான் எழுதிவைக்க முடிந்த இடம் கேன்வாஸ் ஒன்றுதான். நீங்கள் கழற்றியது அதை.

பிள்ளைகள் வருவார்கள் என்றீர்கள். உங்கள் வாதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். ஏனென்றால் நானும் அப்படி ஒரு பிள்ளையாகத்தான் இருந்தேன்.

செய்யாறில் வளர்ந்தேன். அப்பா சுவர் விளம்பரமும் பேனரும் வரைபவர். நடிகர் படமோ தலைவர் படமோ வந்தால் அதன் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். அந்தக் கட்டங்களைப் பெரிதாக்கி சுவரிலோ துணியிலோ கொண்டுவருவார். ஓரத்துக் கட்டங்களை நிரப்பும் வேலையை ஏழு, எட்டு வயதிலேயே எனக்குக் கொடுத்துவிட்டார். வரையத் தெரிந்த பையன் என்று ஊரில் பெயர் வாங்கினேன். அந்தப் பெயர்தான் என்னைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். சினிமா கதாநாயகன், கபடி ஆட்டக்காரர், பயில்வான் என்று ஆண்களை எவ்வளவு ஆசையாக வரைந்தாலும் யாரும் சந்தேகப்படவில்லை. பேனர்காரர் மகன் பேனர் வரைகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

மற்றபடி, ஒளிவது எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. நடக்கும்போது கை எப்படி ஆடுகிறது என்று கவனிப்பேன். சிரித்தால் குரல் மேலே போகிறதா என்று கவனிப்பேன். எந்த நடிகையைப் பிடிக்கும் என்று பையன்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்பேன், நோட்டு அட்டையில் அவர் படத்தை ஒட்டியும் வைத்திருப்பேன். எனக்கென்று மட்டும் வரைந்த ஓவியங்களை, வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். பத்து, பன்னிரண்டு வயசுப் பையன் தன் சிறந்த ஓவியங்கள் எவை என்று தெரிந்து, அவற்றையே தேடிப் பொறுக்கி எரிப்பான் என்பதை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? நீங்கள் எல்லோரும் வரைபவர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். பெண் வேடங்களை ஆண்களே கட்டுவார்கள். துகில் உரியும் கட்டத்தில் பாஞ்சாலி வேடம் கட்டியவரின் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள், பெரியவர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பேன். விடிந்ததும் அதே தெருவில், கொஞ்சம் நளினமாக நடந்த பையனை ‘ஒன்பது’ என்று கூப்பிட்டுக் கல்லெறிவார்கள். கூத்தில் பெண் வேடம் கட்டுவதும் ஓர் ஆண் ஆணை விரும்புவதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். அந்த வயதில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில் நின்றால் இந்த ஊர் எதையும் ஏற்கும், முகத்தைக் கழுவிக்கொண்டு வீதிக்கு வந்தால் ஏற்காது.

எரிக்காமல் தப்பிய ஓவியம் ஒன்று இருந்தது. திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த பள்ளித் தோழனை வரைந்திருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் வெகு நேரம் பார்த்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, “தோள் இப்படி விழாதுடா, படுத்தா உள்ள போகும்” என்று ஒரு கோட்டைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. 2012-இல் அவர் இறந்துவிட்டார். நீங்கள் கழற்றிய சார்கோல் ஓவியத்தில் தூங்குபவரின் தோள் சரியாக விழுந்திருக்கிறது என்றால் அது அவர் கொடுத்தது.

படிக்கச் சென்னைக்கு வந்த பிறகுதான் நூலகத்தில் ஒரு தடித்த ஓவியப் புத்தகத்தில் பூபேன் கக்கரைப் பார்த்தேன். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். பல காலம் மறைத்து வாழ்ந்து, நடுவயதில் தன் காதலை ஓவியத்திலேயே சொன்னவர். 1981-இல் அவர் வரைந்த, மாடத்தில் ஆடையில்லாமல் நின்று ஊரைப் பார்க்கும் மனிதனின் ஓவியம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1982-இல் வாரணாசியில் இரண்டு ஆண்கள் தழுவி நிற்பதை வரைந்தார். 1984-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. கவனியுங்கள், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு முழுப் பலத்தோடு இருந்த காலம் அது. அன்றைக்கு ஓர் அரசு செய்ய முடிந்ததை, அந்தச் சட்டமே போன பிறகு ஒரு கலை அமைப்பால் ஏன் செய்ய முடியவில்லை?

அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளில் எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. என்னைப் போல ஒருவர் இந்த நாட்டில் இருந்தார், வரைந்தார், மதிக்கப்பட்டார் என்பதே எனக்குப் புதிய செய்தி. அதைச் செய்யாறில், பன்னிரண்டு வயதில், ஏதாவது ஒரு சுவரில் பார்த்திருந்தால் அடுப்பில் போன ஓவியங்களில் பாதியாவது மிஞ்சியிருக்கும். உங்கள் கூடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

2009 ஜூன் கடைசியில் சென்னை மெரினாவில் எங்களைப் போன்றவர்கள் நடத்திய முதல் பெருமைப் பேரணியில் நானும் நடந்தேன். ஊர்க்காரர் யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று கூத்துக்காரர்போல முகம் முழுக்க வண்ணம் பூசிக்கொண்டு நடந்தேன். சில நாட்களிலேயே, ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஆம் பிரிவு வழக்கில் எங்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரோடும் பகிர முடியவில்லை. அடுத்த ஆண்டு ஓர் உறவினர் மூலமாக விஷயம் வீட்டுக்குப் போனது, என்னை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். மாறிவிடலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட மாதங்களில் என் வலது கை நடுங்கியது. தூரிகையைப் பிடித்து நேர்க்கோடு இழுக்க முடியவில்லை. சக மாணவர்கள் கேட்டபோது நரம்புக் கோளாறு என்றேன். அத்தகைய சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனக்கு அது காலம் கடந்து வந்த அறிவிப்பு. ஆனாலும் வந்தது நல்லது.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்து எங்களை மறுபடியும் குற்றவாளிகளாக்கியது. அதற்குப் பிறகு நான் வரைந்ததையெல்லாம் நீங்கள் விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். கோயில் கோபுரங்கள், மழை பெய்து முடிந்த தெருக்கள், பூட்டிய கடைகள். நன்றாக விற்றன. அவற்றில் மனிதர் முகம் எங்கேயும் இல்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? மனிதர் வந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். அதை என் பாணி என்று உங்கள் பழைய மலர் ஒன்றில் பாராட்டி எழுதியிருந்தார்கள். அது பாணி இல்லை, பயம். முகத்தை வரைந்தால் அது யாருடைய முகம் என்று கேட்பார்கள் என்ற பயம்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்தவர்கள் மனமொத்துத் தன்பாலுறவு கொள்வது குற்றமில்லை என்றார்கள். தாமதமாகக் கிடைத்த நிவாரணத்துக்காக இந்தச் சமூகத்தினரிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா தன் தீர்ப்பில் எழுதினார். அந்த வழக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். நம் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஆடக் கற்றவர். ஒரு கலைஞர் தன் பெயரை வெளிப்படையாக மனுவின் முதலில் எழுதிக் கொடுத்ததால் வந்த விடுதலை இது. என் பெயருக்குக் கீழே ஒரு வரியைத் தாங்க ஒரு கலைக் கண்காட்சியால் முடியவில்லை என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

அதன் பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் நண்பர்களிடம், அப்புறம் அம்மாவிடம், அப்புறம் கேட்பவர் எல்லோரிடமும். இழப்பு இல்லாமல் இல்லை. சில உறவினர் வீடுகளில் விசேஷங்களுக்கு அழைப்பு நின்றது, ஓவியம் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் சிலரைப் பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் என் ஓவியங்களில் மனிதர்கள் திரும்பி நின்றார்கள். கண்கள் வந்தன. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதை முகத்தில் காட்ட முடிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில்தான் நான் ஓவியன் ஆனேன் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் என்னால் முதுகுகளை வரைய முடியாது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் தானாகவே பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவருக்கும் சமைத்துப் போட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் தன் தங்கையிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார். செய்யாறில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். உங்கள் திறப்பு விழாவுக்கு அம்மா சித்தியையும் சித்தியின் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சமையலறை ஓவியத்தைக் காட்டுவதற்காகவே கூட்டிவந்தார். சுவரில் வெறும் ஆணி இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, “ஏன்டா, நீயே எடுத்துட்டியா?” என்று மெல்லக் கேட்டார். நான் வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

குடும்பத்தோடு வருவார்கள் என்று சொன்னீர்கள். என் குடும்பமும் வந்தது.

இதை அரசியல் ஆக்க வேண்டாம் என்று இன்னொரு நண்பர் சொல்லி அனுப்பினார். இந்த ஓவியங்களை, பெருமை மாதமாகக் கொண்டாடப்படும் ஜூன் மாதத்தில் தனியாக, இதற்கென்றே உள்ள நிகழ்ச்சி எதிலாவது வைத்துக்கொள்ளலாமே என்றும் யோசனை சொன்னார். அந்த நிகழ்ச்சிகளை நான் மதிக்கிறேன், அவற்றில் பங்கெடுக்கிறேன். ஆனால் ஆண்டுக் கண்காட்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது ஓவியத்தின் தரத்துக்காக என்றால், தரம் ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லுபடியாகாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவை நீங்கள் படித்துப் பார்க்கவேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பாதுகாப்புத் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று அந்த நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தார். உங்களிடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். கழற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்கள் கண்காட்சியில் உதவிக்கு வந்த இளைஞர்களில் ஒருவர், ஓவியம் மாட்டும்போது என் அட்டையைப் படித்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் பேசினார். எப்படி வெளியே சொன்னீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டார். மறுநாள் அந்த அட்டை மாறியிருந்ததை அவரும் பார்த்திருப்பார். அவர் யார் என்பதை நான் எவருக்கும் சொல்லப்போவதில்லை, நீங்களும் தேடவேண்டாம். இந்த மடலை நான் எழுத அவரும் ஒரு காரணம்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். கழற்றிய இரண்டு ஓவியங்களையும் அவை இருந்த அதே சுவரில் திரும்ப மாட்டுங்கள், கண்காட்சி முடியும்வரை இருக்கட்டும். என் பழைய குறிப்பு அட்டையை, அந்த வரியோடு, அப்படியே வையுங்கள். கண்காட்சி மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன், அதிலும் எதையும் நீக்காதீர்கள். கழற்றும் முடிவை எடுத்தது முழுக் குழுவா, சிலரா, எந்த விதியின்படி என்பதை எனக்கு எழுத்தில் தாருங்கள். அப்படி ஒரு விதி இல்லையென்றால், தேர்வான ஓவியத்தைக் கலைஞரைக் கேட்காமல் அகற்றக்கூடாது என்று ஒரு விதியை இப்போது எழுதுங்கள். சிறுவர் பார்க்கத் தகாதவை எவை என்று வரையறுக்க விரும்பினால் வரையறுங்கள், ஆனால் அது ஆணும் பெண்ணும் இருக்கும் ஓவியத்துக்கும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் இருக்கும் ஓவியத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். உதவிக்கு வந்த மாணவர்கள் யாரிடமும் இதை வைத்து விசாரணை வேண்டாம்.

இவற்றுக்கு நீங்கள் உடன்படாவிட்டால், மீதமுள்ள என் மூன்று ஓவியங்களையும் இறக்கி என்னிடம் ஒப்படைத்துவிடுங்கள். கோபுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை வெளியே வைக்க நான் சம்மதிக்கவில்லை. சக ஓவியர்களிடமும் கேட்கிறேன்: உங்களுக்கு இதில் கருத்து இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லாமல் குழுவுக்கே எழுதுங்கள்.

நேரில் பேச நான் தயார். குழு கூடும் நாளைத் தெரிவித்தால் வருகிறேன். என் இணையரும் வருவார்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சியில் பங்கேற்கும் ஓவியர்